தனியாகப் பேச ஓர் அறை

போன வாரம் ராமநாயக்கன் ஏரிக்கரையில் காலை நடை போகும்போது, கூட நடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், மரத்தடியில உட்கார்ந்து ஊரே பஞ்சாயத்து பேசின நாடு இது. சமரசம் பேசறது எப்படின்னு கத்துக்க நம்ம ஜட்ஜுங்க அமெரிக்கா வரைக்கும் போகணுமா?"

பேப்பரில் சமரச மையம் பற்றி ஏதோ படித்திருக்கிறார். நல்ல கேள்விதான். கோர்ட்டில் எழுத்தராக முப்பது வருஷத்துக்கு மேல் வழக்குக் கட்டுகளை ஏற்றி இறக்கியவன் நான். எனக்கும் ஒரு காலத்தில் இதே எண்ணம் இருந்தது. நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சமாச்சாரம் நம் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1965இல் தர்மபுரி மாவட்டம் பிரிகிற வரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் இருந்தன. நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி வக்கீல் தொழில் செய்ததும் சேலத்தில்தான். அந்தச் சேலத்து வழக்கறிஞர் சங்கத்தின் பெயர் இன்று நாடு முழுவதும் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு மனப்பாடம். சிவில் நடைமுறைச் சட்டத்தை, அதாவது நாங்கள் சி.பி.சி. என்று சொல்வதை, மத்திய அரசு 1999இலும் 2002இலும் திருத்தியது. 2002 ஜூலை 1 முதல் திருத்தங்கள் அமலுக்கு வந்தன. பதிலுரை போட இத்தனை நாள்தான், வாய்தா இத்தனை தடவைதான் என்று பல கட்டுப்பாடுகள். நாடெங்கும் வக்கீல்கள் எதிர்த்தார்கள். சேலம் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது.

2002 அக்டோபரில் வந்த தீர்ப்பு, திருத்தங்கள் செல்லும் என்றது. ஆனால் அவற்றை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஆராய, சட்ட ஆணையத் தலைவராக இருந்த நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. அந்தக் குழு தயாரித்த மாதிரி விதிகளை வைத்து 2005 ஆகஸ்டில் இரண்டாவது தீர்ப்பு வந்தது. சேலத்து வக்கீல்கள் எதிர்த்துப் போன வழக்கிலிருந்துதான் இந்தியாவில் கோர்ட்டோடு சேர்ந்த சமரச முறைக்கு உருவம் கிடைத்தது என்று சொல்லலாம்.

அதற்கு ஆதாரம் சி.பி.சி.யின் 89ஆவது பிரிவு. தீர்வுக்கு வாய்ப்பு இருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றினால், வழக்கை நடுவர் தீர்ப்பு, இணக்கப் பேச்சு, மக்கள் நீதிமன்றம், சமரசம் என்று வெளி வழிகளுக்கு அனுப்பலாம். இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பிரிவின் வரைவில் இரண்டு வழிகளின் விளக்கங்கள் இடம் மாறிப் போயிருந்தன. 2010இல் உச்ச நீதிமன்றமே அதைச் சுட்டிக்காட்டி, மாற்றிப் படித்துக்கொள்ளச் சொன்னது. எங்களைப் போன்ற குமாஸ்தா செய்திருந்தால் அன்றைக்கே மெமோ வந்திருக்கும்.

இனி அமெரிக்கா. 1976இல் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் நீதிபதிகளும் சட்டப் பேராசிரியர்களும் கூடிய மாநாடு ஒன்று நடந்தது. அதற்கு எழுபது வருஷம் முன்பு, 1906இல், அதே ஊரில் ராஸ்கோ பவுண்டு என்பவர் கோர்ட்டுகள் மேல் ஜனங்களுக்கு ஏன் வெறுப்பு என்று ஒரு பிரசங்கம் செய்திருந்தார். அதன் நினைவாக மாநாட்டுக்கு அவர் பெயர். அங்கே ஹார்வர்டு பேராசிரியர் ஃபிராங்க் சாண்டர் ஒரு யோசனை சொன்னார். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் எல்லாரையும் ஆபரேஷன் தியேட்டருக்கா அனுப்புகிறார்கள்? நோயைப் பார்த்து இந்த அறை, அந்த அறை என்று அனுப்புகிறார்கள். கோர்ட்டும் அப்படிப் பல கதவுகள் கொண்ட கட்டடமாக இருக்கலாமே என்பதுதான் அவர் யோசனையின் சாரம். ஆஸ்பத்திரி உதாரணம் என்னுடையது. கதவு அவருடையது.

நம் தலைமை நீதிபதியாக ஏ.எம். அகமதி இருந்த காலத்தில், 1990களின் நடுவில், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ஒரு சட்ட அமைப்பு ஆய்வு நிறுவனத்தோடு நம் நீதித்துறைக்குத் தொடர்பு ஏற்பட்டது. நம் நீதிபதிகள் அங்கே போய்ப் பார்த்தார்கள். அங்கிருந்து பயிற்சியாளர்கள் வந்து இங்குள்ள வக்கீல்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2005 ஏப்ரல் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்தது. கோர்ட்டோடு இணைந்த மையம் என்ற வகையில் இந்தியாவிலேயே முதலாவது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்கு முன்னின்று உழைத்தவர். 2007இல் பெங்களூரில் ஆரம்பித்தார்கள். நியாய தேகுல என்ற கட்டடத்தில் இருக்கிறது. நமக்குச் சென்னையைவிட அதுதான் கிட்டம். இரண்டு மாநிலத்திலும் நிலம், உறவு, வழக்கு என்று வைத்திருக்கிற நம் ஓசூர்க்காரர்களில் இரண்டு மையத்தின் படியும் ஏறியவர்கள் உண்டு.

வெளிநாட்டைப் பார்த்து நீதிமுறை கற்றுக்கொள்வதை ஏதோ நமக்கு மட்டும் வந்த தரித்திரம் போல நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு தனி சுவாரஸ்யம். 18ஆம் நூற்றாண்டில் வோல்டேர் ஹாலந்துக்குப் போய் வந்து ஒரு சின்னக் கடிதம் எழுதினார். அங்கே வழக்குக்குப் போகிறவர்கள் முதலில் சமாதானம் செய்து வைப்பவர்களிடம் போயாக வேண்டும், வக்கீலைக் கூட்டி வந்தால் முதலில் வக்கீலை விலக்கி வைக்கிறார்கள் என்று பாராட்டி எழுதியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1790இல் பிரான்சிலேயே "ஜூஜ் தெ பே", அதாவது சமாதான நீதிபதி, என்ற பதவி வந்தது. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, ஊரார் நம்புகிற ஆளாக இருந்தால் போதும் என்பதுதான் ஆரம்ப ஏற்பாடு. அந்தப் பதவி புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும்கூட வந்தது. என் தாத்தா காலத்து ஆட்கள் அந்தப் பெயரைத் தமிழ்ச் சொல் மாதிரியே சொல்வார்கள்.

அதற்கும் முன்னால், புதுச்சேரியில் தமிழர்களின் வழக்குகளைப் பிரெஞ்சு அதிகாரிகள் நம் மாமூல்படி விசாரித்த கோர்ட் ஒன்று இருந்தது. அதன் பெயர் "ஷோத்ரி". நம் "சாவடி"தான் பிரெஞ்சுக்காரன் வாயில் அப்படி ஆனது. ஆக, போக்குவரத்து இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

பிரான்சில் சமாதான நீதிபதி 1958இல் ஒழிந்தார். இருபது வருஷம் கழித்து, 1978இல், "கொன்சிலியாத்தர்" என்று வேறு உருவத்தில் திரும்பி வந்தார். சம்பளம் கிடையாது. நகராட்சி அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து அண்டை வீட்டுச் சண்டை, வாடகைச் சண்டை பேசித் தீர்ப்பார். பலரும் நம்மைப் போல ஓய்வுபெற்றவர்கள். இப்போது 5,000 யூரோவுக்கு உட்பட்ட பணத் தகராறுகளில், கோர்ட்டுக்கு வருமுன் இப்படி ஒரு முயற்சி செய்துவிட்டு வா என்பதே அங்கே பொதுவான விதி.

சரி, ஆசிரியர் கேள்விக்கு வருகிறேன். சமரசம் நமக்குத் தெரிந்ததுதான். 1982 மார்ச்சில் குஜராத்தின் ஜூனாகட் மாவட்டத்து உனாவில் முதல் லோக் அதாலத் கூடியபோது அது நம் சொந்தச் சரக்கு என்றே பேசினார்கள். பின் அமெரிக்காவிலிருந்து என்னதான் வந்தது? என் பதில்: ஒரு தனி அறை.

ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லாம் சபை நடுவே நடக்கும். பேசுகிறவன் எதிராளியின் முகத்தையும் பெரியவர்கள் முகத்தையும் பார்த்துத்தான் பேசுவான். கடைசியில் பெரியவர் ஒரு முடிவு சொல்வார். அது தீர்ப்பு, சமரசம் என்று பெயர் மட்டும்தான். லோக் அதாலத்திலும் கூட்டம் அதிகம், நேரம் குறைவு. சமரச மையத்தில் நடுவில் உட்காருபவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வைப்பார். அதன் பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். அங்கே சொன்னதை, சொன்னவர் சம்மதமில்லாமல் எதிர்த் தரப்புக்குச் சொல்லக் கூடாது. பேச்சு முறிந்தால் அங்கே பேசிய ஒரு வார்த்தையும் கோர்ட்டில் சாட்சியமாக வராது. நீதிபதிக்கு, முடிந்தது அல்லது முடியவில்லை என்ற தகவல் மட்டும்தான் போகும்.

இது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஓசூரை ஒட்டிய ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், பள்ளிக்கூடத்திலும் கோர்ட்டிலும் தமிழ் என்று வாழ்கிற குடும்பம். ஒன்பது ஏக்கர் பூர்வீக நிலம். அண்ணன், தம்பி, நடுவே ஒரு தங்கை. அவளை 1982இல் ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். தாய் முன்பே போய்விட்டார், தகப்பனார் 1994இல் போனார். இரண்டு வருஷத்தில் சகோதரர்களுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. சிப்காட் வந்து, கம்பெனிகள் வந்து, நம் நிலங்கள் ஏக்கர் கணக்கு போய்ச் சதுர அடிக் கணக்குக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். வழக்கில் தங்கையும் ஒரு பிரதிவாதி. ஆனால் அவள் கோர்ட்டுக்கே வரவில்லை, எக்ஸ்பார்ட்டி.

கணக்கைப் பாருங்கள். அன்றைய சட்டப்படி தகப்பனுக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு மூன்று ஏக்கர். தகப்பனின் மூன்றைப் பிள்ளைகள் மூவருக்கும் பிரித்தால் மகன்களுக்கு நாலு நாலு, மகளுக்கு ஒன்று. முதல்நிலைத் தீர்ப்பாணை அப்படித்தான் ஆனது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் சம பங்கு உண்டு, ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவளுக்கு இல்லை. 2005 செப்டம்பரில் மத்தியச் சட்டம் மாறி, கல்யாணமான மகளுக்கும் சம பங்கு என்று ஆயிற்று. இறுதித் தீர்ப்பாணை இன்னும் ஆகவில்லை. தங்கை வக்கீல் வைத்து மூன்று ஏக்கர் கேட்டாள். தகப்பன் 2005க்கு முன்பே இறந்துவிட்டாரே, அவளுக்கு எப்படிப் பொருந்தும் என்று அண்ணன்கள் பக்கம் வாதம். அப்போது அதற்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை. ஒன்றா, மூன்றா? அந்தக் கேள்வியோடு கட்டு வாய்தாவுக்கு வாய்தா நகர்ந்தது.

ஊரில் இரண்டு தரம் பெரியவர்கள் கூடினார்கள். "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார்கள். "அண்ணங்க பார்த்துச் செஞ்சா சரி" என்றாள். என் மனைவிக்குப் பழக்கமானவள், வீட்டுக்கு வந்து அழுவாள். சபையில் மட்டும் வேறு வார்த்தை வராது. புருஷன் தூண்டிவிடுகிறான், ரொக்கத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்பது ஊர் முடிவு.

2012இல் கோர்ட் அந்த வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியது. நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்ற ஒரு வக்கீல் சமரசராக உட்கார்ந்தார். எனக்கு உள்ளே வேலையில்லை, துணைக்குப் போய் வராந்தாவில் இருந்தேன். தனியாகக் கூப்பிட்டபோது அவளோடு உள்ளே போக எழுந்த புருஷனை, "கொஞ்சம் இருங்க, முதல்ல அவங்ககிட்ட பேசிட்டு உங்களைக் கூப்பிடறேன்" என்று சமரசர் வெளியே உட்கார வைத்தார். கதவு சாத்தியது. நாற்பது நிமிஷம் ஆனது. உள்ளே தெலுங்கில் பேசியிருக்கிறார்கள்.

அன்று சாயந்திரம் அவளே என் மனைவியிடம் சொன்னாள். "அக்கா, அங்க அண்ணங்களும் இல்ல, எங்க வீட்டுக்காரரும் இல்ல. உனக்கு என்ன வேணும்னு கேட்டாரு. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல." அவள் கேட்டது ரொக்கம் இல்லை. ரோட்டுப் பக்கம் அரை ஏக்கராவது வேண்டும். மகன் லேத் வேலை தெரிந்தவன், யாரோ ஒருவர் பட்டறையில் கூலிக்கு நிற்கிறான், அவனுக்கு ஒரு ஷெட் போட வேண்டும். புருஷனுக்கு வேறு எண்ணம் என்பதால் அவர் எதிரிலும் இதைச் சொன்னதில்லை.

பெரிய அண்ணனின் தனிப் பேச்சில் வேறு விஷயம் இருந்திருக்கிறது. அதே ரோட்டுப் பக்கத்து நிலத்துக்கு லேஅவுட் போடுகிறவரிடம் முன்பணம் வாங்கி, மகள் கல்யாணத்தில் செலவு செய்துவிட்டார். தம்பிக்கே தெரியாது. கோர்ட்டில் அவர் வக்கீல் எத்தனை வாதம் வைத்தாலும் இதை வைத்திருக்க முடியுமா? சமரசர் அதை வெளியே விடவில்லை. அண்ணனே பத்து நாள் கழித்துத் தம்பியிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

நாலு அமர்வு, இரண்டரை மாதம். தங்கைக்கு ஒன்றரை ஏக்கர், அதில் அரை ஏக்கர் ரோட்டை ஒட்டி. மீதிக்கு ஈடாக ஒரு தொகை, ஆறு தவணையில். தவணைக்குக்கூட முன்மாதிரி உண்டு. தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லா வழக்கில் தோற்றவர் திவாலாகாமல் இருக்கத் தவணை வாங்கிக் கொடுத்ததும் ஒரு வக்கீல்தான், காந்தி என்று பெயர். இங்கே ஒப்பந்தம் எழுதும்போது தங்கை தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தெலுங்கில் இன்னொரு தரம் சொல்லச் சொல்லி, அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டாள். கோர்ட் அதன்படி தீர்ப்பாணை கொடுத்தது. மேல்முறையீடு இல்லை.

இத்தோடு நிறுத்தினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது: தகப்பன் 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு. அதாவது, அவள் வழக்கை விடாமல் நடத்தியிருந்தால் மூன்று ஏக்கரும் சட்டப்படி அவளுக்கு வந்திருக்கும். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு மனசு சங்கடப்பட்டது. அவளிடமே கேட்டேன். "தெரியும் சார், பையன் போன்ல காட்டினான். 2020 வரைக்கும் காத்திருந்தா அவனுக்கு முப்பத்தாறு வயசு. இப்ப ஷெட்ல நாலு பேர் வேலை பார்க்கறாங்க" என்றாள். அவள் கணக்கு அவளுக்கு. சட்டம் கொடுப்பதில் பாதியை ஒரு பெண் விட்டுவிட்டு வந்ததை வெற்றி என்று சொல்ல எனக்கு இன்றும் நா எழவில்லை. ஆனால் ஊர்க் கூட்டத்தில் அவள் சம்மதித்தது அந்த ஒற்றை ஏக்கருக்கு என்பதையும் மறக்க முடியாது.

ஆகையால் சமரசம் என்ற பெயரில் எதையும் ஏற்கலாம் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் நிலம் விலை ஏறிய நாளிலிருந்து கட்டப் பஞ்சாயத்தும் ஏறியிருக்கிறது. அதுவும் தன்னைச் சமரசம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. வித்தியாசம் தெரிய ஒரு சுலபமான சோதனை உண்டு. "எனக்கு இது ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வர முடிகிறதா? சமரச மையத்தில் முடியும். வழக்கு விட்ட இடத்திலிருந்து கோர்ட்டில் தொடரும், எழுந்து வந்ததற்காக யாரும் குறை எழுத மாட்டார்கள்.

வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: மாவட்ட அளவிலும் மையங்கள் வந்துவிட்டன. உங்கள் வக்கீலிடம் சொல்லி, சமரசத்துக்கு அனுப்பக் கோரலாம். அங்கே தீர்ந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும். கட்சிக்காரர்கள் தாங்களாகவே வெளியில் பேசித் தீர்த்துக்கொண்டாலும் அதே சலுகை உண்டு என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு விவகாரத்தில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாகப்பிரிவினை வழக்கில் ஃபீஸ் பெரிதாக இருக்காது, பணம் வரவேண்டிய வழக்கில் கனமாக இருக்கும். 2023இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்திருக்கிறது. 120 நாளில் முடிக்க வேண்டும், இரு தரப்பும் ஒப்பினால் இன்னும் 60 நாள். ஊருக்குள், தெருவுக்குள் வரும் தகராறுகளுக்கு மூன்று பேர் கொண்ட சமரசர் குழுவுக்கும் அதில் இடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் கொன்சிலியாத்தர் போல ஓய்வுபெற்றவர்கள் அந்த வேலைக்கு வந்தால் நன்றாக இருக்கும்.

ஒன்று மட்டும் கவலையாக இருக்கிறது. ஓய்வுக்குப் பின் நான் போய்ப் பார்த்த சில ஊர்களில் மையம் என்று போர்டு இருக்கிறது, உள்ளே ஒரே ஹால். நடுவில் ஆள் உயரத்துக்கு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் தங்கை பேசினால் அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அண்ணனுக்குக் கேட்கும். கேட்டேன், கூரை வரை சுவர் எழுப்ப எஸ்டிமேட் போட்டு அனுப்பியிருக்கிறார்களாம்.